மண்ணூருக்கு அனுப்பிய மாலை

ஒரகடத்திலிருந்து மண்ணூர் பைக்கில் போனால் அப்படியொன்றும் தூரமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்தின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

ஒரகடம் ஃபேக்டரியில் என் லைனில் வேலை செய்யும் மண்ணூர்ப் பெண் ஒருத்தி, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று இரண்டு நாள் லீவு கேட்டாள். அந்த வாரம் ஆடிட். "ஆடிட் முடியட்டும்மா, அப்புறம் தாராளமா எடுத்துக்கோ" என்றேன். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து இப்படித் தாராளமாகப் பேசுவது எனக்குக் கைவந்த கலை. மறுநாள் அவள் லைனில் நின்றுகொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டார்.

துக்கத்துக்கு நான் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பூக்கடை இருக்கிறது. அன்றன்றைக்கே வீட்டுக்கு டெலிவரி என்று போர்டு தொங்கும். கடைக்கார அம்மாவே ஸ்கூட்டியில் கொண்டுபோவார். அவருக்குப் போன் போட்டேன்.

"விசேஷத்துக்கா சார், துக்கத்துக்கா?"

"துக்கம். ரோஜா மாலை, பெருசா. சூப்பர்வைசர் சார் அனுப்பினாருன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துடுங்க."

ஆள் போகப் பயம், பெயர் மட்டும் போய்ச் சேர வேண்டும்!

"குடுத்துட்டு வர்றதுக்கு இன்னா பார்சலா சார் அது? சாவு வூட்டுல மாலைய எடுத்துகினு போறவங்கதான் போடணும்."

"அப்ப நீங்களே போட்டுடுங்க" என்றேன். அப்போது வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. மதியம் வாட்ஸ்அப்பில் மாலையின் படம் வந்தது. பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"உங்க வூட்டு அக்காவ அனுப்பினீங்களே, ரொம்ப நன்றி சார்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எடுக்குற வரைக்கும் என்னக் கட்டிகினு ஒக்காந்திருந்தாங்க. அழுகையில ஏதேதோ பேசிட்டேன் சார். உங்க வூட்டுக்காரரு லீவு குடுத்திருந்தா எங்கம்மா வாயில ஒரு சொட்டு தண்ணியாவது ஊத்தியிருப்பேனேன்னு அவங்களையே கேட்டுட்டேன். கோச்சிக்கவே இல்ல. அவருக்காக நான் கேட்டுக்கிறேன், மன்னிச்சிக்க கண்ணுன்னாங்க. அப்புறந்தான் சார் மனசு ஆறிச்சு."

அது என் மனைவி இல்லை, பூக்கடைக்கார அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பரவால்லம்மா" என்று வந்தது. பரவாயில்லையாம். யார் யாரிடம் சொல்கிற வார்த்தை!

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் பூக்கடைக்குப் போனேன். அந்த அம்மா கட்டிய சரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அதிகாரம்கூட இருந்தது.

"கட்டிகினு அழுவுற பொண்ணத் தள்ளிவுட்டு, நான் டெலிவரிக்கு வந்தவன்னு சொல்லச் சொல்றியா சார்?"

"மன்னிப்பு ஏன் கேட்டீங்க?"

"யாராவது கேக்கணும்ல சார். நீங்கதான் வரலியே."

கோபமாகச் சொல்லவில்லை. சரத்தை வாழையிலையில் சுற்றியபடி, "அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்புடுதா? நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். எட்டு மணி நேரம் என் கண்ணெதிரில் நிற்பவள்தான். சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் ஆறிய மனசு மறுபடி நோகும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். பயம்தான், வேறொன்றுமில்லை. டீ பிரேக்கில் அவள் தவறாமல் கேட்பாள்.

"அக்கா நல்லா கீறாங்களா சார்?"

"நல்லா இருக்காங்கம்மா. உன்னை விசாரிச்சாங்க" என்கிறேன்.