பஃப் கை ரவிக்கை

தேனியில் ஒரு துணிக்கடை வாசலில், பஃப் கை வைத்த ரவிக்கையைப் பொம்மைக்கு மாட்டி, ‘துணிச்சலாக உடுத்துங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் என்ன துணிச்சல்?

வெள்ளைக்காரன் காலத்தில், கம்பத்தில், எங்கள் வீட்டுப் பெண்கள் ரவிக்கையே போடுவதில்லை. வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அத்தை, சித்தப்பா கல்யாணத்துக்கு இப்படியொரு சிவப்பு ரவிக்கையோடு வந்து இறங்கினாள். சேவல் சண்டை தவிர வேறொன்றும் அறியாத அவள் அண்ணன், என் பெரியப்பா. அவருக்கு அன்றைக்குத்தான் குடும்ப மானம் ஞாபகம் வந்தது.

“அதக் கழட்டிட்டு மணவறைக்கு வா. இல்லேன்னா இங்கன நிக்காத.”

“சட்டை போட்டா மானம் போயிருமாண்ணே? அப்ப நீங்க எதுக்குப் போட்டிருக்கீக?”

சொல்லிவிட்டு அத்தை பந்தலை விட்டு வெளியேறினாள். தாலிக்கு மூன்றாம் முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் அவள்தான். மீசை முறுக்கிய ஆண்கள் அத்தனை பேரும் பந்தல் தோரணத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையான சித்தப்பா மாலையை மோந்துகொண்டிருந்தார். மணப்பெண்தான் தலை நிமிர்ந்தாள்.

“மதினி வரட்டும். அதுவரைக்கும் நான் கழுத்த நீட்ட மாட்டேன்.”

ஓடிப்போய் அத்தையை அழைத்துவந்தார்கள். ரவிக்கையோடுதான் முடிச்சுப் போட்டாள். ‘இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன்’ என்று கத்திவிட்டுப் போன பெரியப்பா, இலை போட்டதும் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார்.