சுப்பையாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

என் வீட்டுக்காரர் கவின்ராஜ் கம்ப்யூட்டரோடு பேசுவதில் கால்வாசி என்னோடு பேசினால் எங்கள் குடும்பத்தில் சண்டையே வராது. மைசூரு விஜயநகரில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறார். மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளி கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, ஒரு போட்டோ கடையில் ஆல்பம் ஒட்டி, கேமரா தூக்கி, எடிட்டிங் கற்றுக்கொண்டவர். இப்போது அவருக்குப் பேர் வாங்கித் தருவதெல்லாம் செத்தவர்கள்தான். ஒரு போட்டோ கொடுத்தால் போதும். ஏஐயை வைத்து, இறந்துபோன அப்பாவையோ அம்மாவையோ மண்டபத்துத் திரையில் நடந்து வரவைத்து, பிள்ளைகளை ஆசீர்வதிக்க வைத்துவிடுவார். செத்தவர்களை நிம்மதியாக விடக் கூடாதா என்று நான் கேட்டிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டால்தானே?

போன ஐப்பசியில் தமிழ்ப்ரியா வந்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் வேலை. அவள் அப்பா சுப்பையா, கட்டட மேஸ்திரி, நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். உருப்படியாக இருந்தது ஒரே படம்தான். மாதேஸ்வரன் மலையில் மனைவி நாச்சம்மாளோடு தோளுரச நின்றது. அதில் நாச்சம்மாள் பொட்டும் பூவுமாக இருந்தார்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். முதலில் சுப்பையா ஆறு விரலோடு வந்தார். விரலைச் சரிசெய்தால் மீசையைக் காணோம். ஒருவழியாக முடித்து, நானும் கடையில் இருந்த ஒரு நாள் தமிழ்ப்ரியாவுக்குப் போட்டுக் காட்டியபோது, சுப்பையா சிரித்தபடி நடந்து வந்தார். தனியாக.

"அண்ணா, அம்மா எல்லி? எங்க போனாங்க?" என்றாள் தமிழ்ப்ரியா, பதற்றத்தில் கன்னடமும் கலந்து.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். யாரும் சொல்லாமலே நாச்சம்மாளை அழித்தது அவர்தான். புருஷன் இல்லாதவர் தாலி கட்டும் நேரத்தில் மேடையில் நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை. அதிலும் பொட்டும் பூவுமாகத் திரையில் வந்தால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஏஐயும் அந்த இடத்தை ஒரு கோயில் தூணை வைத்து நிரப்பிக் கொடுத்துவிட்டது.

"செத்துப்போன அப்பாவ கூட்டிட்டு வந்துட்டீங்க. உசுரோட இருக்கிற அம்மாவ எடுத்துட்டீங்களே!" என்று அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

நாச்சம்மாளும் கூட வந்திருந்தார். "அழுவாத அம்மிணி. தம்பி செஞ்சது சரிதான். தாலி கட்டறப்ப நான் சாப்பாட்டுக் கூடத்துல இருந்துக்கறேன். அப்பாவாவது முன்னால நிக்கட்டும்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் மாமியார் சித்தம்மா ஒரு படத்தில்கூட இல்லை. மாமனார் அதற்கு முன்பே போய்விட்டதால், தாலி கட்டும்போது அவரும் சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"பெத்த அம்மாவத்தான் உள்ள நிறுத்தி வச்சீங்க. இப்ப ஊரான் ஊட்டு அம்மாவையும் அழிக்கறீங்களா? இதுக்கு எதுக்குங்க ஏஐ? இதத்தான் ஊரே காலங்காலமா பண்ணிட்டு இருக்குதே!"

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே, கல்யாணம் நடக்கவிருந்த மண்டபத்துக்குப் போய், மேடையையும் அதன் பின்னால் இருந்த பெரிய திரையையும் டேப் வைத்து அளந்து வந்தார். எதற்கு என்று கேட்டேன். திரும்பவும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்தன்று தாலி கட்டச் சற்று முன்பு சுப்பையா திரையில் வந்தார். நிஜ ஆள் உயரம். மகளைப் பார்த்துக் கை தூக்கி ஆசீர்வதித்தார். கூட்டம் வழக்கம்போல அழுதது. அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் போகவில்லை. ஓர் அடி தள்ளி நின்று, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு, வா என்பதுபோல் கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இந்த முறை அந்த இடத்தில் தூண் இல்லை.

மணையில் இருந்தபடியே தமிழ்ப்ரியா "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

எல்லாரும் திரும்பினோம். நாச்சம்மாள் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றிருந்தார். அவருடைய நாத்தனார் பாப்பாத்தி சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாங்க அண்ணி. தாலி கட்டி முடியட்டும். அப்பறம் போய்க்கலாம்."

லேப்டாப்புக்குப் பின்னால் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். இந்த அம்மா உள்ளே திரும்பிப் போய்விட்டால், இத்தனை பேர் முன்னால் அவரை இரண்டாம் தடவை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

நாச்சம்மாள் திரையையே பார்த்தார். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"உங்கண்ணன் கூப்பிடறாரு பாப்பாத்தி. அவரு கூப்பிட்டு நான் எப்ப போகாம இருந்தேன்?"

மேடையேறி, திரையில் சுப்பையாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு நேர் முன்னால் நின்றார். கெட்டிமேளம் கொட்டியது. முதல் அட்சதை அவர் கையிலிருந்துதான் விழுந்தது.