பஞ்சாரத்துக்குள் பத்து நாள்

அறுபத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதம். கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையை ஒட்டி வரிசையாக ஆறு வீடுகள். அதில் கடைசி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே பையன், மூன்று வயது நிறையவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர் சைக்கிள் கேரியரில் கள்ளிப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பெட்டிக்குள் கருப்பாக ஒரு நாய்க்குட்டி. பின்னங்கால் இரண்டு மட்டும் வெள்ளை. பையன் கையைத் தட்டிக் குதித்தான். எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. கொண்டுவரப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, வேண்டுமா என்று கேட்கவுமில்லை. எங்கே பிடித்தது, இதன் தாய் எது, அது நல்ல நாயா என்று கேட்டேன். ஆபீஸ் வாசலில் சுற்றிக்கொண்டிருந்ததாம், தாயை யாரும் பார்க்கவில்லையாம்.

"ஏட்டி, குட்டிதான. பயலுக்குத் தொணைக்கு ஆச்சு" என்றார்.

அவர் காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார், நடுவே மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் தலைகாட்டுவார். அசிங்கம் எடுப்பது, பாலுக்குக் காவல் இருப்பது, பையன் அதன் எச்சில் தட்டில் கை வைக்காமல் பார்ப்பது எல்லாம் யார் தலையில்? நான் அந்தக் குட்டிக்குப் பெயர் வைக்கவே விடவில்லை. பெயர் வைத்தால் நிலைத்துவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

எட்டாம் நாள் காலை, அது சோறு தின்றுகொண்டிருந்தபோது பையன் வாலைப் பிடித்து இழுத்தான். குட்டி திரும்பி அவன் இடது கையைக் கவ்வியது. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மதினி மிளகாய்ப்பொடி அப்பச் சொன்னாள். நான் மறுத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் அல்லவா. கணவர் எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. அவர் இல்லாததால் கோபம் முழுவதும் குட்டி மேல் திரும்பியது. மத்தியானம் அவர் வருவதற்குள் அது இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். இருந்தால், பாவம் என்பார், இருக்கட்டும் என்பார்.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு ஆட்டு மந்தை வந்தது. பின்னால் தோளில் கம்பு போட்டபடி ஆட்டுக்காரர் ஒருவர். அவரைக் கூப்பிட்டுக் குட்டியைக் காட்டினேன். வாயைத் திறந்து பார்த்தார், காதைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டு மாதம் போனால் ராத்திரி ஆடு அடைக்கும் கிடைக்குக் காவல் இருக்கும் என்றார்.

"நல்ல குட்டியால்லா இருக்கு. ஏன் தாயி குடுக்குதீங்க?"

வீட்டில் இடம் போதவில்லை என்றேன்.

அடுத்து அவர் சொன்னதை எழுதத்தான் கை தயங்குகிறது. எழுதிவிடுகிறேன். வீட்டில் நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள், தனியாகக் கிடக்கிறாள், விளையாட ஆகும் என்றார். அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், விழுந்தது. அவர் தன் ஊர்ப்பெயரைச் சொல்லி, பிள்ளை குட்டியோடு நன்றாக இருங்கள் என்று வாழ்த்திவிட்டு, குட்டியைத் துண்டில் முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

மத்தியானம் கணவர் வந்ததும் பையனைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் காயத்தைப் பார்த்தார். நாய் எங்கே என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கடிச்ச நாயக் கட்டிப்போட்டு பத்து நாள் பாக்கணும்மா. பத்து நாளும் அது நல்லா இருந்தா உங்க பிள்ளைக்கு ஊசியே வேண்டாம். நாய் இல்லேன்னா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. சின்ன உடம்பு இது."

அந்த ஊசியும் லேசானதல்ல, அபூர்வமாகச் சிலருக்குக் கை கால் விழுந்துவிடுவதும் உண்டு என்றார். நாளைக் காலைக்குள் நாயைக் கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் ஊசியை ஆரம்பித்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து படியில் நின்றபோதுதான் நினைவு வந்தது. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் வெறிநாய்க்கடி என்று ஒரு பக்கம். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதற்கு அடுத்த வரியே நாயை விரட்டாமல் கட்டி வைக்க வேண்டும் என்பது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். முதல் வரியைச் செய்துவிட்டு இரண்டாவது வரியை மறந்திருக்கிறேன். கணவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

பையனை மதினியிடம் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். மூன்று மைல் சாலை, அப்புறம் ஒரு மைல் வண்டிப் பாதை. கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். அந்த ஊரில் ஆட்டுக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அவர் கிடைக்குப் போய்விட்டார். வாசலில் அந்தச் சிறுமி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் எங்கள் குட்டி. அவள் விரலை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது.

அவள் அம்மா வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும். விஷயம் தெரியாமல் சிரித்தாள்.

"காலையில குடுத்துட்டு சாயங்காலமே வந்துட்டீங்களே, மனசு கேக்கலியோ? இவ அதுக்குத் தொரைன்னு பேரு வச்சிட்டா. டவுன்ல இருந்து வந்தவன்லா."

கணவர் நடந்ததைச் சொன்னார். பாதியிலேயே அவள் முகம் மாறியது. பிள்ளையின் மடியிலிருந்து குட்டியைப் பிடுங்கித் தள்ளி, விரல்களை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு விரலில் பல் கீறியிருந்தது. கணவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க அண்ணாச்சி. குடுத்தது இவிய. இவிய சொல்லட்டும்" என்று என் பக்கம் திரும்பினாள். "கடிச்ச நாயின்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை" என்றேன்.

"வீட்டுல பிள்ள இருக்குன்னு அவிய சொன்னாவளா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. என் கணவருக்குக்கூட அது தெரியாது.

"சொன்னார்."

கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

குட்டியைக் கொடுங்கள், வீட்டில் கட்டிவைத்துப் பத்து நாளில் தகவல் சொல்கிறோம் என்று கெஞ்சினேன். அவள் தர மறுத்துவிட்டாள்.

"ஒருக்கா சொல்லாதவிய, அது செத்துப்போச்சுன்னா மட்டும் இத்தன தூரம் வந்து சொல்லீருவீங்களா? ஒங்களுக்கு ஆசுபத்திரி தெருவுக்கு அடுத்த தெரு. எம் பிள்ளைக்கு என்ன இருக்கு? இது இங்கனதான் கெடக்கும். பாக்கணும்னா நீங்க வாங்க."

ஆட்டுக்குட்டிகள் மேல் கவிழ்த்து வைக்கும் பெரிய பஞ்சாரக் கூடையைத் தூக்கி வந்து குட்டி மேல் போட்டாள். மேலே ஒரு கல்லை வைத்தாள். உள்ளே போய் ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க" என்றாள். அதே கோபக் குரல்தான். நான் உதட்டில் வைத்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அவள் மேல் ஆத்திரம். ஒரு ஆட்டுக்காரி என்னை இப்படி நிற்கவைத்துக் கேட்பதா என்று மனசுக்குள் பொருமினேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அந்த ஆத்திரத்துக்குக் காரணம் என்று பிற்பாடு புரிந்தது.

மறுநாள் டாக்டரிடம் நாய் கிடைத்ததையும் அந்தப் பெண் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஒரு நாய்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறுகிறதா என்று தினம் பார்க்கச் சொன்னார்.

தினமும் போனேன். சாலை வரை பஸ், மிச்சம் நடை. பஞ்சாரத்தின் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அவள் ஓரமாகக் கூடையைத் தூக்கித் தண்ணீர்ச் சட்டியைத் தள்ளுவாள். "குடிச்சிட்டு, பாத்துக்கிட்டீங்களா?" இவ்வளவுதான் பேச்சு. உட்காரச் சொல்ல மாட்டாள். போ என்றும் சொல்ல மாட்டாள். அந்தச் சிறுமி மட்டும் தூரத்தில் நின்று தொரை, தொரை என்று கூப்பிடுவாள். கிட்டே வந்தால் அம்மாவிடம் அடி விழும்.

ஆறாம் நாள் குட்டி படுத்தே கிடந்தது. தண்ணீரை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்று பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அவளுக்கு அந்தப் பாடம் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"என்ன சொல்லுங்க. இப்பமாவது சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். நெருப்பாக வெயில். நாலு மணி வாக்கில் குட்டி எழுந்து சோம்பல் முறித்தது. ஒரு கொட்டாவி விட்டது. சட்டியில் வாயை வைத்து லபக் லபக்கென்று குடித்தது. வெக்கையில் சுணங்கிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கல்லை எடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். குட்டி ஓடிவந்து முதலில் அந்தச் சிறுமியின் காலைச் சுற்றியது. என் பையனை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கையை நீட்டினான். நான் பிடித்துக்கொண்டேன்.

"நாள் ஆயிட்டு. ஒங்க பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல, எம் பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க" என்றாள்.

பத்து நாளாக மனசில் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும், இன்னும் கோபம் வேண்டாம் என்றேன். அவள் பஞ்சாரத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"கோவம் இருக்கத்தான் செய்யுதும்மா. இல்லன்னு சொன்னா அது பொய்யில்லா" என்றாள்.

அதற்கப்புறம் நான் அந்த ஊருக்குப் போகவில்லை. கணவர் ஒருதரம் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து, தொரை பெரிய நாயாகிவிட்டான், கிடையில் நிற்கிறான் என்றார். கேட்டுக்கொண்டேன். அவர் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. என் மேல் இருந்தது போகவில்லை. இப்போதெல்லாம் பழைய சேலையோ, அடி ஒழுகும் குடமோ யாருக்காவது கொடுக்க நேர்ந்தால், எங்கே கிழிசல், எங்கே ஓட்டை என்று காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். வாங்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும் என்ற நினைப்பு எனக்கு அன்று காலையில் வந்திருக்க வேண்டியது, ஆறாம் நாள் மத்தியானம்தான் வந்தது.