நூலால் அளந்த தூரம்

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளின் பாஸ்போர்ட்டைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டினேன். கயலுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. விசாவுக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாவியை இடுப்பில் செருகும்போது செல்போன் அடித்தது. மெஹருன்னிசா டீச்சர் முந்தைய நாள் மாலை மாரடைப்பில் போய்விட்டார். கோட்டக்குப்பத்தில், பகல் தொழுகைக்குப் பின் அடக்கம்.

திண்டிவனம் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய சிவப்பு நூலுருண்டை நினைவிருக்கும். புவியியல் வகுப்பில், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு ஊர்களின் வான்வழித் தூரத்தை முதலில் அளக்கச் சொல்வார். பிறகு சாலையின் வளைவுகள் மேல் நூலை ஒட்டினாற்போல வைத்துக்கொண்டே போய், அதை நீட்டி அளக்கச் சொல்வார். வாசலில் நின்று, கணக்கு டீச்சரான நான் ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"நேர்க்கோடுதான் டீச்சர் கம்மி தூரம். இவ்ளோ பாடு எதுக்கு?"

"உங்க கணக்குல யாரும் பஸ்ஸுக்கு நிக்கறதில்லம்மா. கோடு போட்டா ஊரு வந்துடும். எம் புள்ளைங்க ரோட்டுல இல்ல போவணும்!"

வகுப்பே சிரித்தது.

தன் மகன் ரியாஸ் ஷார்ஜாவுக்குப் போன பிறகு டீச்சர், ஆசிரியர் அறைச் சுவரிலிருந்த உலகப் படத்தில் விரல்களை விரித்து வைத்துப் பார்ப்பார். "அரைச் சாண்கூட இல்ல, பாரு. ஸ்கேல்ல அளந்தா ஆசையாத்தான் இருக்குது" என்பார். அதே மூச்சில், "நான் போனா அவனுக்காக என்னப் போட்டு வெச்சிக்கினு இருக்காதீங்க. ஜல்தி எடுத்துடணும்" என்பார். இதை அவர் யாரிடம்தான் சொல்லவில்லை?

விழுப்புரத்திலிருந்து உடனே பஸ் பிடித்தேன். புதுச்சேரி நெரிசலில் அது நின்று நின்றுதான் போனது. நான் டீச்சர் வீட்டை அடைந்தபோது கூடம் காலியாக இருந்தது. "இப்பத்தாம்மா தூக்கினாங்க" என்றார் டீச்சரின் அண்ணி.

"ரியாஸ்?"

"காலைலயே மெட்ராஸ்ல எறங்கிட்டான். திண்டிவனத்துல லாரி கவுந்து ரோடே அடைச்சிக்கினு கெடக்குதாம். கொஞ்சம் பாக்கலாம்னுதான் நெனச்சோம். அவதான் சொல்லி வெச்சிட்டாளே, என்னா பண்றது?"

ரியாஸ் வந்தபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகாமல் என்னெதிரே வந்து நின்றான்.

"கடலத் தாண்டி வந்துட்டேன் டீச்சர். திண்டிவனத்தத் தாண்ட முடியல."

பக்கத்து ஊரிலிருந்து வந்த நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் அவருடைய மேசை இழுப்பறையிலிருந்து நூலுருண்டையை எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் கைப்பையில் கிடக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கு அதில் ஆறுதல் இருக்கலாம். எனக்கு இல்லை. வரைபடத்தில் விழுப்புரத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவே எத்தனை நூல் பிடிக்கும்? அதற்குள்ளேயே பிந்திவிட்டேன். எந்த ஊரைப் பக்கம் என்று கயலிடம் காட்டுவேன்?

அவள் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாள். "எங்கம்மா வெச்சே?" என்று நேற்றும் கேட்டாள். தேடித் தருகிறேன் என்றேன். நாளைக் காலை பீரோவைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன். எனக்கு ஒன்று என்றால் அவள் வரும்வரை என்னை வைத்திருக்க வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். இந்த முடிவு வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.