மலைக்காரர் வார்டில் கேட்ட தமிழ்

நர்ஸ் வேலைக்கு மருந்தும் கட்டுத்துணியும் பழகினால் போதும் என்று நினைத்து வருகிறவர்கள், முதலில் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஊர்விட்டு ஊர் போய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சகோதரிகளே, உங்களுக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

நான் தஞ்சாவூர்ப் பெண். சென்னையில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டேன். இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் என் வீட்டுக்காரருக்குக் கோலார் தங்க வயலில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. இருவரும் பங்காருபேட்டையில் ரயில் மாறி வந்து சேர்ந்தோம். சுரங்க ஆஸ்பத்திரியில் எனக்கும் வேலை கொடுத்தார்கள். வந்து படுத்தவர்கள் எல்லாரும் தமிழர்கள்தான். "நம்ம பாஷைதானே, என்ன கஷ்டம்?" என்று தைரியமாக உள்ளே போனேன்.

கொல்லை

என் வார்டில் பாதிப் பேர் ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வந்தவர்கள். அவர்களில் ஒருவன் வெள்ளையன். பாறை உருண்டு கால் முறிந்து கிடந்தான். ஆடி மாதம் பிறந்து நல்ல மழை பெய்த ஒரு காலையில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன், "நர்ஸம்மா, கொல்லைக்குப் போவணும்மா" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

எங்கள் தஞ்சாவூரில் கொல்லைக்குப் போகவேண்டும் என்றால் ஒரே அர்த்தம்தான். ஓட்டமாக ஓடிப்போய்ப் பெட்பானைக் கொண்டுவந்து வைத்து, மறைப்புத் திரையையும் இழுத்துவிட்டேன். வெள்ளையன் பாத்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவர்கள் பேச்சில் கொல்லை என்றால் விதைக்கிற நிலம் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

"இதுலே எப்படிம்மா சாமை வெதைக்கிறது?" என்றான்.

மேலும் கீழும்

எங்கள் டாக்டர் துரை ஸ்காட்லாந்துக்காரர். சென்னையில் முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். நான் பக்கத்தில் இருந்தாலும் நோயாளியிடம் தாமே பேசிப் பார்ப்பார். காய்ச்சலோடு வந்த மாரி என்ற மலைக்காரர், "மேலெல்லாம் நோவுது துரை" என்றார். உடனே டாக்டர் அவர் தலையைத் தடவினார், கண்ணை விரித்தார், காதுக்குள் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, "மேலே ஒன்றும் இல்லை" என்று தீர்ப்பும் சொன்னார்.

மேல் என்றால் இங்கே உடம்பு என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "கீழே எப்படி இருக்கிறது?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டார். மாரி மெல்லப் புரண்டு, தமக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"கீழ பாயி கீது துரை. அதுக்கு நோவு ஒண்ணும் இல்லே."

யார் விட்டது?

மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டருக்கு மலைக்காரர் பேச்சு என்றாலே கேலி. அவர்கள் கடைசி எழுத்தை இழுப்பதுபோலத் தாமும் இழுத்துக் காட்டுவார். அதைக் கேட்டு மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். ஒருநாள் மாரியிடம் மருந்தை நீட்டிக்கொண்டே, "ஏம்பா, நீங்க பேசறது தமிழா, இல்லே காட்டுல கத்துக்கிட்டதா?" என்றார்.

மாரிக்குக் கோபம் வரவில்லை. மருந்தைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, சபையில் பேசுகிறவரைப்போல நிதானமாகச் சொன்னார்: "எங்க பாட்டன் முப்பாட்டன் காஞ்சீபுரத்திலேர்ந்து மலையேறுனவங்க சாமி. போவும்போது பேச்சையும் பத்திரமா எடுத்துக்கினு போனாங்க. நீங்க உங்களுத வழியிலே வுட்டுட்டதுக்கு நாங்க இன்னா பண்றது?"

அண்ணன் குரல்

வெள்ளையனின் தம்பி சின்னானும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தான். ஒருநாள் பகல் ஷிப்டில் அவன் இருந்த லெவல் என்கிற சுரங்கத் தட்டில் கூரைப் பாறை சரிந்துவிட்டது. மற்றவர்கள் எப்படியோ வெளியே ஓடி வந்துவிட்டார்கள். சின்னானை மட்டும் காணவில்லை. அந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் அடைபட்டுப் போயிருந்தன. அவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. தவறான பக்கத்தைத் தோண்டினால், அங்கே போய்ச் சேர்வதற்குள் இங்கே உயிர் போய்விடும்.

செய்தி வார்டுக்கு வந்ததும் வெள்ளையன் கட்டுப்போட்ட காலோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தான். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். "என்னைக் கீழ கொண்டும் போங்கம்மா. அடவியில ஆளு தப்பிப் போனா நாங்க கூப்புடுற கூப்பாடு ஒண்ணு கீது. எங்க ஊட்டுக் கூப்பாடு அவனுக்குத் தெரியும். அரை நெனவுல கெடந்தாலும் கொரல் குடுப்பான்" என்று கெஞ்சினான். அதை நான் அப்படியே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவன் காலைப் பார்த்தார். பிறகு, "டோலி கொண்டுவாருங்கள், நானும் இறங்குகிறேன்" என்றார். கேஜ் என்கிற அந்த இரும்புக் கூண்டில் டோலியைச் சாய்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே நானும் சின்னான் பெண்சாதி பச்சையம்மாளும் நின்றோம். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்துபோனது.

கீழே நடந்ததை டாக்டர் பிற்பாடு சொன்னார். வெள்ளையன் எல்லாரையும் வாயை மூடச் சொன்னானாம். கையைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு குரல் எழுப்பினானாம். பதில் சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டான். அப்போது இடது பக்கத்துக் கற்குவியலுக்குப் பின்னாலிருந்து, பூனைக்குட்டி முனகுவதுபோல, அதே ராகத்தில் ஒரு பதில் வந்ததாம். அந்தப் பக்கத்தைத் தோண்டினார்கள். பொழுது சாயுமுன் கேஜ் மணி அடித்தது. தோள் இறங்கி, மண்ணும் ரத்தமுமாகச் சின்னான் உயிரோடு வந்தான். பச்சையம்மாள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். அவன் முகத்தைத் துடைத்துவிட்டபடியே, "அத்தனை பேர் கூப்பிட்டபோது ஏன் குரல் கொடுக்கவில்லை?" என்று அவனைக் கேட்டேன்.

"யாரோ எங்கியோ கத்துறாங்கன்னு நெனச்சேம்மா. அண்ணன் கூப்புட்டா எப்படி வராம இருக்கறது?"

மெதுவான பேச்சு

அண்ணன் தம்பி இருவரும் இப்போது ஒரே வார்டில். கட்டில் கிடைத்தது ஆளுக்கொரு கோடியில். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் எழுந்து வந்து, மெதுவாகப் பேசச் சொன்னார். வெள்ளையன் பணிவாகக் கும்பிட்டான். "மெதுவாத்தான் துரை பேசிக்கினு கீறோம். சத்தமா பேசினா மலையில எங்கம்மாளுக்குக் கேட்டுடும்" என்றான்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். தம் தாயாரும் மலைக்காரிதான் என்றும், அவர்களுக்கு இங்கிலீஷ் அல்லாத ஒரு மலைப் பாஷை உண்டு என்றும், பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினதற்காகத் தாம் பிரம்படி பட்டதாகவும் சொன்னார். அந்தப் பாஷையில் ஏதோ நாலு வார்த்தை சொல்லியும் காட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல வெள்ளையன் கூர்ந்து கேட்டான். கடைசியில் டாக்டர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான்.

"அப்ப நீங்க நம்ம ஆளு துரை. மின்னமே சொல்லக் கூடாது?"

பொழுது எதன் பின்னால் சாயும்?

மழைக்காலம் முடிகிறபோது எனக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போன நேரமெல்லாம் பச்சையம்மாள்தான் வந்து பக்கத்தில் இருந்தாள். கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, வாயில் ஊட்டினாள். என் தாயார்கூட அவ்வளவு பொறுமையாக எனக்கு ஊட்டியதில்லை. காய்ச்சல் இறங்கிய மாலையில் என்னை வாசலில் உட்காரவைத்துத் தலை சீவிவிட்டுக்கொண்டே, உங்கள் ஊரில் என்ன மலை என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் மலையே கிடையாது, கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்தான், காவிரித் தண்ணீர்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சீப்பு நின்றுவிட்டது. பிறகு என் தலையை மெல்லத் தடவினாள்.

"அய்யோ பாவமே! அப்ப பொழுது எதுக்குப் பின்னாலேம்மா போயி படுக்கும்?"

அந்த மனிதர்களிடம் நான் பட்ட கடனுக்கு நன்றி சொல்ல எங்கள் காவிரிக்கரைத் தமிழும் போதாது, அவர்கள் மலைத் தமிழும் போதாது. ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும்: இத்தனை பேர் பேச்சையும் புரிந்துகொண்ட எனக்கு, டாக்டர் துரை எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு மட்டும் இன்றுவரைக்கும் புரிந்ததே இல்லை.