காலாவதியான சம்மதம்

சட்டத்தரணி சிற்றம்பலத்தார் கிளிநொச்சியிலிருந்து தண்ணீரூற்றுக்கு இடம்பெயர்ந்தபோது சட்டிபானையை விட்டுவிட்டு, காணிக் கடிதங்களின் பிரதிகளைத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தட்டச்சு அடித்துக் கொடுத்தவன் நான். நல்ல கடதாசிக்குத் தட்டுப்பாடு, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அடிப்போம். அதற்காக ‘மேன்மை தங்கிய’ குறையாது. ‘இத்திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பதில் தராவிடின்’ என்ற கடைசி வரி மிரட்டலும் குறையாது. வவுனியாவில் இராணுவச் சோதனையில் தடங்கித் தடங்கிக் கொழும்புக்குக் கடிதம் போகவே ஒரு மாதம் செல்லும். அதைச் சொன்னால், “சட்டத்துக்கு ஷெல் விழுறது தெரியாது” என்பார்.

தொண்ணூற்றெட்டில் கமலேஸ்வரியக்கா வந்தார். மலையகத்திலிருந்து வந்து, கொழும்பிலிருந்த கதிர்காமநாதன் என்பவரின் மூன்று ஏக்கரை இருபது வருடமாகத் திருத்திப் பயிர் செய்த குடும்பம். காணி வேறு கைக்குப் போனால் அவர்கள் தெருவில்தான். விலைக்குத் தருவாரா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

சிற்றம்பலத்தார் நாலு பக்கம் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘தருகிறேன். இத்திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் சம்மதத்தை அறிவிக்கவும்.’ அது எங்கள் கைக்கு வந்தது அந்தத் திகதியிலிருந்து முப்பத்தைந்தாவது நாள்.

அக்காவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. உடனே ஓம் என்று எழுதச் சொன்னார். சிற்றம்பலத்தார் கலண்டரைப் பார்த்தார்.

“அவற்ற சம்மதம் காலாவதியாகிப் போச்சுது, பிள்ளை. இல்லாத ஒண்டுக்கு ஓம் எண்டு எழுதேலாது. முதல்ல அந்தப் பதினாலு நாள் தவணையைக் கூட்டித் தரச்சொல்லிக் கேப்பம்.”

‘தங்கள் தவணைக்குள் எமது கட்சிக்காரர் சம்மதம் தெரிவிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்’ என்று தொடங்கிய அந்தக் கடிதத்தை அடித்ததும் நான்தான். அந்த வரி பிழையாக விளங்கப்படும் என்று அடிக்கும்போதே எனக்குப் பட்டது. வாயைத் திறக்கவில்லை. என்மேல் எனக்குள்ள கோபம் இன்றும் ஆறவில்லை.

அடுத்த பதில் பேனையால் எழுதி வந்தது. ‘ஐயா, நான் நாளெல்லாம் எண்ணவில்லை. நீங்கள் பதினான்கு நாள் என்று எழுதியிருந்தீர்கள். சட்டத்தரணிக்கு அப்படித்தான் எழுதவேண்டுமாக்கும் என்று நானும் எழுதினேன். இந்தமுறை உங்கள் கடிதத்தில் முதல் வரிதான் விளங்கியது. அந்தப் பெண்மணிக்கு விருப்பமில்லை என்று நினைத்து, காணியை இன்னொருவருக்கு விற்று, உறுதியும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.’

சிற்றம்பலத்தார் அதை வாசித்துக் காட்டினார். அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

“வாங்கிறம் எண்டு ஒரு சொல் எழுதியிருந்தா, சட்டம் உங்களைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டிருக்குமோ, ஐயா?”

“இல்லை” என்றார். அவர் வாழ்நாளில் கொடுத்த மிகச் சுருக்கமான பதில் அதுதான்.