இடது காலுக்காக ஒரு கியர் பொக்ஸ்

எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அதை வைத்து நடக்கலாம், படியேறலாம், கோபம் வந்தால் தரையில் ஓங்கி மிதிக்கவும் செய்யலாம். கிளச் மட்டும் மிதிக்க முடியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்தக் காலுக்குத் தெரியாது. முள்ளியவளையிலிருந்து புதுக்குடியிருப்புக்குக் கணக்குப் படிப்பிக்கப் போகும் ஒவ்வொரு பின்னேரமும் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் குந்தியிருப்பேன். வகுப்பு முடிந்தால் அவர் வரும்வரை வாசலில் நிற்பேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் பொறுக்காது. ஏற்றி இறக்கும் சாமானாக இனி இருக்க மாட்டேன், தனியாகத்தான் போவேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் பழைய மொறிஸ் மைனர் கார் வவுனியாவில் சித்தப்பாவின் வளவுக்குள் கிடந்ததால் சண்டைக்குத் தப்பியது. இரண்டு காலும் இருந்த காலத்தில் நான் கார் ஓடப் பழகியதும் அதில்தான். அதன் இஞ்சினோடு யப்பான் வாகனம் ஒன்றின் ஓட்டோ கியர் பொக்ஸைப் பூட்டினால் கிளச்சே தேவையில்லை. இடம்பெயர்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து எங்கள் ஊருக்குக் கிட்டக் கராஜ் போட்டிருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை யப்பான், பொம்பிளை வெள்ளைக்காரி. ஒரு துளையும் பொருந்தாது, தங்கச்சி," என்றார். "நடுவில ஒரு தரகர் வேணும்."

தரகர் என்றது ஒரு தடித்த இரும்புத் தகட்டை. அதன் ஒரு பக்கம் இஞ்சினுக்கும் மறுபக்கம் கியர் பொக்ஸுக்கும் பொருந்த வேண்டும். இரண்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முதல் தகடு மயிரிழை விலகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணியதும் உள்ளே ஏதோ அலறியது, எண்ணெய் ஒழுகியது.

"விடுமன். நான் இருக்கிறன்தானே," என்றார் கணவர்.

தலையிடியும் காய்ச்சலும் அவரவருக்கு வந்தால்தான் தெரியும். அவர் சொன்ன அந்தச் சொல்லுக்காகவே இரண்டாவது தகடு வெட்டச் சொன்னேன்.

அது பொருந்தியது. காரை வீட்டுக்குக் கணவர்தான் ஓட்டி வந்தார். மறுநாள் பின்னேரம் வகுப்புக்குப் போக நான் ஏறி உட்கார்ந்தால் பற்றரி செத்துக் கிடந்தது. இந்தக் கியர் பொக்ஸோடு காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்று நானா முதலே சொல்லியிருந்தார். ஆனால் பழைய இஞ்சின். முன்னால் ஹாண்டில் கொழுவிக் கையால் சுழற்றலாம். கணவர் ஹாண்டிலோடு பம்பருக்கு முன் குனிந்தார். அவருக்குப் பின்னால் பலாமரம்.

எங்கள் பக்கத்தில் ஹாண்ட் பிறேக்கை யாரும் நம்புவதில்லை. காரைக் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்போம். முந்தைய கியர் பொக்ஸ் என்றால் கியரில் கிடக்கும்போது ஹாண்டில் முரண்டு பிடிக்கும். இஞ்சின் பற்றினாலும் ஒரு துள்ளலோடு நின்றுவிடும். இந்தப் புதியதில் அந்தத் தடை இல்லை. அவரும் பழக்கதோஷத்தில் முதல்நாள் கியரில்தான் விட்டிருந்தார், முன்னால் போகும் 'டி'யில். கல்லை அப்போதுதான் எடுத்தார். நான் லீவரைப் பார்க்கவில்லை.

மூன்றாம் சுற்றில் இஞ்சின் பற்றியது. கார் நிற்கவில்லை. அவரை நோக்கி நகர்ந்தது.

"பிறேக்! பிறேக்!" என்று அவர் கத்தினார்.

என் இடது கால்தான் போனது. கிளச் இருந்த இடத்தில், வெறுந்தரையில், பொய்க்கால் இடித்தது. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், கார் போய்க்கொண்டே இருக்கிறது. அவர் இரண்டு கைகளாலும் பொனற்றைத் தள்ளியபடி, முதுகு மரத்தில் முட்ட நின்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு வலது கால் ஞாபகம் வந்தது. பம்பர் அவருடைய முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

லீவரை, நிறுத்தி வைக்கும் 'பி'க்குத் தள்ளினேன். இஞ்சின் ஒன்றும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. கியரில் விட்டது ஆர் என்று கத்த வேண்டியவள் நான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நழுவி வெளியே வந்து என் கதவடியில் நின்றார். சீற்றை விட்டு விலகச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் விலகியிருப்பேன்.

"எனக்கு இது வேண்டாம்," என்று அழுதேன். "நான் மிதிச்சது இடது காலாலை. இல்லாத கிளச்சை."

அவர் சறத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"நேற்று வரேக்க வழியெல்லாம் நானும் அதைத்தான் தேடினனான்," என்றார். "எனக்கு ரெண்டு காலும் இருக்கு."

பிறகு போய்ப் படலையை அகலத் திறந்தார். நான் தனியாக ரோட்டில் ஏறும்வரைக்கும், காருக்கு எட்டாத தூரத்தில், வேலியோடு வேலியாக ஒட்டிக்கொண்டு நின்றார்.